ஒற்றைப் புள்ளி போட்ட விரிப்பு

ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வருகிற வழவழப்பான வண்ண இணைப்பை அந்த லாண்டரியில் யாரும் படித்ததில்லை. மடித்த சட்டைக்குள் அட்டைக்குப் பதிலாக வைக்க அது தோதாக இருக்கும், அவ்வளவுதான் அதற்கு அங்கே மரியாதை. அன்றைக்கு என்னவோ இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, கரன்ட் போயிடுச்சா?" என்றாள் அக்கா, ஒரு சட்டைக் காலரைத் தேய்த்தபடியே.

"உன் தம்பி வந்திருக்கான் தங்கச்சி."

"எங்க, வாசல்லயா?"

"பேப்பர்ல."

அக்கா என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். கூடப்பிறந்த வகையில் அவள் அக்காவாக இருந்தது ஒரே ஒருத்தனுக்குத்தான், அவன்தான் பேப்பரில் வந்திருக்கிற இந்த ஓவியன். இஸ்திரிக்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அவர் மட்டும் தங்கச்சி என்பார். அதையும் இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. பக்கத்து லாட்ஜிலிருந்து வெளுக்க வந்த விரிப்புகளில் ஆறு காணாமல் போய், லாட்ஜ் மேனேஜர் கடை வாசலில் நின்று கத்தியபோது, அக்கா அவர் பக்கம் திரும்பி, "நீங்க எங்கயாவது மாத்தி வச்சுட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தொலைக்காத மனுஷனைக் கேட்கிற கேள்வியா அது? அன்றிலிருந்து அவர் வாயில் "சரி", "ஆச்சு" தவிர வேறு வார்த்தை இல்லை. இன்றைக்குத் தங்கச்சி என்கிறார் என்றால் விஷயம் பெரியதுதான் என்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

முழுப் பக்கப் படம். ஒரு வெள்ளைச் சுவரில் ஆறு படுக்கை விரிப்புகள், சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் திட்டுத் திட்டாகக் கறை. மஞ்சள், பழுப்பு, உறைந்த ரத்தம் மாதிரி ஒரு கருஞ்சிவப்பு. அவற்றுக்கு முன்னால் கறுப்புச் சட்டை போட்டு, முகவாயில் கை வைத்து, உலகத்துத் துக்கத்தையெல்லாம் மொத்தக் குத்தகைக்கு எடுத்தவன் போலத் தம்பி. மேலே கொட்டை எழுத்தில் கண்காட்சியின் பெயர்: 'அப்பாவின் ஆறு நாட்கள்'.

இஸ்திரிக்காரர் படித்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து விழுந்தது.

"'உங்கள் அண்மைப் படைப்புகளுக்கு உந்துதல் எங்கிருந்து கிடைத்தது?' இது கேக்கறவங்க. 'என் தந்தையின் மரணப் படுக்கையிலிருந்து. மூன்று ஆண்டுகள் அவர் அருகிலேயே இருந்தேன். அவர் உடல் தினமும் அந்த விரிப்பில் ஓர் ஓவியம் வரைந்தது. நான் சட்டம் மட்டும் போட்டேன்.' இது அவன்." தாளைக் கீழே இறக்கினார். "மூணு வருஷம் பக்கத்துலயே இருந்தானாமே. நான் பார்க்கவே இல்லையே தங்கச்சி. கட்டிலுக்கு அடியில இருந்தானோ?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

நியாயமாகச் சொன்னால் தம்பிக்குக் கை இருந்தது. பதினோரு வயதில் அடுப்புக்கரியால் கடையின் பின்சுவரில், கொடியில் துணி காய்கிறதை வரைந்தான். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றுகூட அதில் தெரியும். வருஷா வருஷம் கடைக்கு வெள்ளையடித்த அப்பா அந்தச் சுவரை மட்டும் தொட விடவில்லை. அந்தக் கடையில் அவர் விட்டுவைத்த ஒரே அழுக்கு அதுதான். இன்றைக்கும் சோப்புத்தூள் மூட்டைக்கு மேலே அது இருக்கிறது.

அந்தக் கைதான் பிறகு எங்கேயோ போய் எதையோ தொட ஆரம்பித்தது. முதலில் 'நகம்'. சொந்தக்காரர், சிநேகிதர் எல்லோரிடமும் வெட்டிய நகத்தை வாங்கி, எழுபது கண்ணாடிப் புட்டியில் போட்டு, பெயர் ஒட்டி வைத்தான். அக்காவிடமும் தபாலில் கேட்டான், அவள் பதில் போடவில்லை. அடுத்தது 'மிச்சம்'. ஏதோ ஒரு ஆபீஸ் கேன்டீனில் தின்றுவிட்டு வைத்த எச்சில் தட்டுகளை அப்படியே எடுத்து வார்னிஷ் ஊற்றினான். மூன்று தட்டில் வார்னிஷ் சரியாகப் பிடிக்காமல் புழு வைத்தது. வந்தவர்கள் மூக்கைப் பொத்தியபோது, புழுவும் படைப்பில் பங்கெடுக்கிறது என்று ஒரு போடு போட்டான். அதற்கடுத்தது 'கூந்தல்'. பிள்ளை பெற்ற பெண்டாட்டிக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது, சீப்பிலிருந்தும் குளியலறைச் சாக்கடை வாயிலிருந்தும் அதைப் பொறுக்கித் தேதி வாரியாக அட்டையில் ஒட்டினான். அந்தப் பெண்ணுக்கு அது திறப்பு விழாவில்தான் தெரியும். அங்கேயிருந்தே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

அதையும் பேட்டியில் சொல்லியிருந்தான், பெருமையாக. மனித உடல் விட்டுச்செல்லும் தடயங்களே என் ஊற்று, என்று. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அதைத்தான் நாலு பெரிய வார்த்தையில் சொல்லியிருந்தான்.

அக்கா அழுக்கைக் கண்டு முகம் சுளிக்கிற ஜாதி இல்லை. கறிக்கடைக்காரர் ஏப்ரனும், குழந்தை கக்கின போர்வையும், சாக்கடையில் விழுந்து எழுந்தவன் வேட்டியும் அவள் கைக்கு வராத நாள் கிடையாது. அழுக்கு துணியில் இருக்கிறவரைக்கும் அழுக்கு, தண்ணீரில் போட்டுவிட்டால் வேலை. வேலையிடம் யாராவது அருவருப்புப் படுவார்களா? ஆனால் இந்தப் படத்தைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. சீ என்று வாய்விட்டுச் சொன்னாள். இன்னொரு தடவை சொன்னாள்.

அப்பா படுத்த படுக்கையாக இருந்தது கடைக்குப் பின்னால் உள்ள அறையில். முதல் வருஷம் தம்பி மூன்று தடவை வந்தான். கட்டிலிலிருந்து எட்டடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெயில் அதிகம், ரயிலில் கூட்டம் என்று பேசிவிட்டுப் போனான். இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் வந்தபோது அக்கா அப்பாவைப் புரட்டிப் போட்டு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். தம்பி வாசல்படியில் ஒரு கால் வைத்தான். உவ்வே என்று ஒரு சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். அப்படியே ரயிலேறிவிட்டான்.

அந்தச் சத்தத்தை அப்பா கேட்டார். காது நன்றாகக் கேட்கிற மனுஷன். நாற்பது வருஷம் ஊரார் கறையை எடுத்தவர், கடைப் பலகையில் 'உங்கள் கறை எங்கள் பொறுப்பு' என்று எழுதிவைத்தவர், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இத யாரும் பார்க்கக் கூடாதும்மா. யாருக்கும் தெரியவும் கூடாது" என்றார். பார்க்க மாட்டாங்கப்பா என்று அக்கா வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த வாக்கை அவள் ஒரு நாள் தவறவில்லை. அப்பாவுக்கென்று எட்டு விரிப்பு. கடைக்கு வருகிற துணிக்கெல்லாம் ஓரத் தையலுக்குள் வாடிக்கையாளர் குறியை அழியாத மையில் போடுவது வழக்கம். டாக்டர் வீட்டுக்கு ஒரு சிலுவை, லாட்ஜுக்கு ஒரு வட்டமும் உள்ளே மூன்று கோடும், இப்படி. சொந்த வீட்டுத் துணிக்கு அப்பா வைத்த குறி ஒற்றைப் புள்ளி. நம்ம துணிக்கு இது போதும், நமக்கே அடையாளம் தெரியாதா என்பார். அந்த எட்டையும் அவள் கடை மெஷினில் போட்டதில்லை. ஆட்கள் வருவதற்கு முன்பே தனியாக ஊறவைத்து, கையால் அலசி, உள் முற்றத்தில் காயப்போட்டு எடுத்துவிடுவாள். ஒரு நாளைக்கு மூன்று, சில நாள் ஐந்து. கஞ்சி மட்டும் போட மாட்டாள். கஞ்சி போட்டால் துணி விறைக்கும், படுக்கைப் புண் வந்த முதுகு உரிந்துவிடும். அப்பா செத்தபோது அவருக்குக் கீழே இருந்த விரிப்பு பளிச்சென்று இருந்தது. உடலை எடுக்க வந்தவர்கள்கூட அதைச் சொன்னார்கள்.

"எட்டும் இருக்கா தங்கச்சி?" என்றார் இஸ்திரிக்காரர்.

அவள் உள்ளே போய் மர அலமாரியைத் திறந்து எண்ணினாள். எட்டும் இருந்தன. எட்டிலும் புள்ளி இருந்தது.

"அப்ப இவன் மாட்டி வச்சிருக்கறது யாரோடது?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் ஊர் வேறொரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பல் டாக்டரம்மா ஆள் அனுப்பி வெள்ளைக் கோட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டாள். வீட்டிலேயே மெஷின் வாங்கிவிட்டார்களாம். புதன்கிழமை இரண்டு வீட்டுத் துணி நின்றது. வியாழக்கிழமை, அக்காவுக்குச் சின்ன வயதில் பாடம் சொன்ன டீச்சர் துணி எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்து கவுன்டரில் சாய்ந்துகொண்டு, "பெத்த அப்பாவ இப்படியாம்மா போட்டு வச்சிருந்தே? தம்பிக்காரன் அழுதுக்கிட்டே சொல்லியிருக்கானே" என்றாள். பின்னால் நின்ற ஒருத்தி, அப்பனையே அழுக்கில் போட்டவள் நம்ம துணியை என்ன பண்ணுவாளோ என்று முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது.

அக்காவால் வாய் திறக்க முடியவில்லை. மறுத்துப் பேச ஆரம்பித்தால், ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு, எதனால், எப்படி என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது என்று அப்பா கேட்டுக்கொண்டதைத் தெருவில் கொட்டினால்தான் அப்பாவின் பெயரைக் காப்பாற்ற முடியும். இப்படி ஒரு முடிச்சைப் போட்டு வைத்துவிட்டுத்தான் அந்த மகராசன் முகவாயில் கை வைத்து நின்றான்.

வெள்ளிக்கிழமை அவனே போன் செய்தான். அப்பா போன அடுத்த வாரம் வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனதற்குப் பிறகு இதுதான் முதல் போன். அன்றைக்கு ஒரு பெரிய பையோடு வந்து, அப்பா படுத்த விரிப்பு ஏதாவது துவைக்காமல் இருக்கா என்று கேட்டான். ஒன்றுகூட இல்லை, துவைத்ததையும் தர மாட்டேன் என்று அவள் சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டான். பாசம் என்று அவள் அப்போது நினைத்தாள். நினைத்ததை நினைத்து இப்போது அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

"அக்கா, பெரிய விஷயம்கா. ஒரு மியூசியம் ஆறையும் நிரந்தரமா எடுத்துக்கறாங்க. குடும்பத்துல என்னைத் தவிர ஒருத்தர் எழுதித் தரணுமாம், இது அப்பாவோடதுதான்னு. ஒரு கையெழுத்துதான். திங்கக்கிழமை கேலரிக்கு லீவு, பார்க்க யாரும் வர மாட்டாங்க. வந்துட்டுப் போயேன்."

"வரேன்" என்றாள் அக்கா.

அவன் ஆச்சரியப்பட்டு இரண்டு தடவை தேங்க்ஸ் சொன்னான்.

திங்கட்கிழமை அக்கா அலமாரியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துக் காக்கிக் காகிதத்தில் சுற்றினாள். அப்பாவின் கடைசி விரிப்பு. கறை எடுக்கிற புட்டிகள் இருக்கிற துணிப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டாள், அது இல்லாமல் அவள் எங்கேயும் போவதில்லை. இஸ்திரிக்காரர் கேட்காமலேயே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினார்.

கேலரி ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. உள்ளே எல்லாம் வெள்ளை, தரைகூட வெள்ளை, செருப்போடு நடக்கக் கூச்சமாக இருந்தது. கேலரியை நடத்துகிற அம்மா வாசலுக்கே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி, மென்மையான குரல்.

"உங்க தம்பி உங்களப் பத்தி நிறைய சொல்லியிருக்கார். இங்க வந்து நின்னு எத்தனை பேர் அழுதுட்டுப் போறாங்க தெரியுமா?"

தம்பி அந்தக் கோடியில் ஒரு விரிப்புக்கு முன்னால் நின்றிருந்தான். கையில் சின்ன பிரஷ். அவர்களைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"காத்துல மங்கிடுதாம்" என்றாள் கேலரி அம்மா விளக்கமாக. "வாரத்துக்கு ஒரு தடவை வந்து லேசா சரி பண்ணிட்டுப் போவார். அவ்வளவு அக்கறை."

அக்கா நின்றாள். முப்பது வருஷத்தில் அவள் எத்தனையோ ரத்தக் கறையைப் பார்த்திருக்கிறாள். வருஷக்கணக்கில் மூட்டையில் கிடந்தாலும் இறுகிக் கறுக்குமே தவிர, காற்றில் மங்குகிற ரத்தத்தை அவள் பார்த்ததில்லை. விறுவிறுவென்று போய் முதல் விரிப்புக்கு முன்னால் மூக்கு படுகிற மாதிரி நின்றாள். மஞ்சள் திட்டில் டீ வாசம். கருஞ்சிவப்புத் திட்டில் ஆஸ்பத்திரி வாசம், காயத்துக்குப் போடுகிற அயோடின். அந்தத் திட்டைச் சுற்றி மெலிதாக ஒரு நீல விளிம்பு ஓடியிருந்தது. அக்கா விரலால் துணியைச் சுண்டினாள். டப்பென்று விறைப்பாகச் சத்தம் வந்தது.

"கஞ்சி" என்றாள். "கஞ்சி போட்ட துணியில அயோடின் பட்டா நீலம் ஓடும். எங்கப்பா விரிப்புக்கு மூணு வருஷமா நான் கஞ்சியே போட்டதில்ல."

"அக்கா, அதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்று தம்பி வேகமாக வந்தான். "முதல்ல கையெழுத்த..."

அதற்குள் இஸ்திரிக்காரர் சட்டத்தைச் சுவரிலிருந்து தூக்கிப் பின்பக்கம் திருப்பிவிட்டார். ஆணி அடித்து மடித்திருந்த ஓரத்தை நகத்தால் நெம்பி, தையலை விரித்தார். பிறகு சட்டத்தை அக்கா பக்கம் நீட்டினார். ஒரு வட்டம், உள்ளே மூன்று கோடு.

"லாட்ஜு துணி தங்கச்சி" என்றார். "நான் மாத்தி வச்சுட்டேனான்னு கேட்டியே."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. லாண்டரியில் பிறந்து, சோப்பு மூட்டையில் புரண்டு வளர்ந்தவன், குறி எங்கே இருக்கும் என்பதைக்கூட மறந்துவிட்டு, அந்த ஒரு ராத்திரியில் கடையின் பின் அலமாரியில் கைக்கு வந்ததை அள்ளிப் பையில் போட்டிருக்கிறான். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் படுத்துப் புரண்டு போன விரிப்புக்கு அப்பா என்று பெயர் வைத்திருக்கிறான். அதற்கு முன்னால் நின்று ஜனம் அழுகிறது. வாந்தி வருவதற்கு இதைவிடவா காரணம் வேண்டும்?

"அண்ணே, தப்பு என்மேலதான்" என்றாள். "மன்னிச்சிடுங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா பையிலிருந்து ஒரு சின்ன புட்டியை எடுத்தாள். பஞ்சை நனைத்து, அந்தக் கருஞ்சிவப்புத் திட்டின் நடுவில் ஒற்றினாள். ஒற்றின இடம் அப்படியே வெளுத்தது. மறுபடியும் ஒற்றினாள். அப்பாவின் ரத்தம் என்று மியூசியத்துக்குப் போகவிருந்தது நாலு ஒற்றில் காணாமல் போனது.

"ஹைப்போ" என்றாள் கேலரி அம்மாவைப் பார்த்து. "அயோடின எடுக்கும். ரத்தத்த எடுக்காது."

கேலரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "சார், என்ன இது?" என்றாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள். "சரிம்மா. துணி வேற யாரோடதாவே இருக்கட்டும். பார்க்கறவங்க அழறது நிஜம்தானே? அந்த உணர்ச்சி நிஜம்தானே?"

"வெங்காயம் உரிச்சாக்கூடத்தான் அழுவாங்க."

தம்பி வெடித்தான். "எல்லாம் உன்னாலதான்! ஒண்ணே ஒண்ணு துவைக்காம வச்சிருந்தா நான் ஏன் இப்படிப் பண்றேன்? அப்பாவோட எந்தத் தடயமும் இல்லாம பண்ணிட்டியே. நான் எத வச்சு அழறது?"

"உள்ள வந்து அவர் கையப் புடிச்சு அழுதிருக்கலாமே. ரெண்டு கையும் கட்டில்மேலதான இருந்துச்சு."

"வர முடியலக்கா." அவன் குரல் சட்டென்று இறங்கியது. "வாசல்லயே புரட்டிடுச்சு. ராத்திரியெல்லாம் அந்த வாசம். அந்த அருவருப்ப எங்க கொண்டுபோய் வைக்கறது? அதத்தான் நான் படைப்பாக்கினேன்."

"அது உன் அருவருப்பு. சுவர்ல மாட்டிக்கோ, நான் ஒண்ணும் கேக்கல. ஆனா அதுக்கு உன் பேரப் போடு. அப்பா பேர எதுக்குடா போட்டே?" அக்கா ஒரு அடி கிட்டே போனாள். "நீ வாசல்ல போட்ட சத்தம் அவருக்குக் கேட்டுச்சு. தெரியுமா உனக்கு? அதுக்கப்புறம் சாகறவரைக்கும் அவர் வாசப்பக்கம் திரும்பிப் படுக்கவே இல்ல."

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். கேலரி அம்மா கையில் தட்டச்சு செய்த கடிதம் இருந்தது. இந்த ஆறு விரிப்புகளும் எங்கள் தந்தை இறுதி நாட்களில் பயன்படுத்தியவை, கறைகள் அவர் உடலிலிருந்து வந்தவை என்று உறுதியளிக்கிறேன், என்று. கீழே அக்கா பெயருக்கு ஒரு கோடு.

அக்கா அதை வாங்கவில்லை. பையிலிருந்து கடை ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கார்பனைச் சரியாக வைத்து, முழங்காலில் அழுத்தி எழுதினாள். விரிப்பு, ஆறு. உரிமை, லாட்ஜ். கறை, டீயும் அயோடினும். எடுத்த இடம், இந்தக் கேலரி. அதற்குக் கீழே, ரசீதில் யாரும் எழுதாத ஒரு வரி: எங்கள் அப்பா ஒரு நாளும் கறைமேல் படுத்ததில்லை. கையெழுத்துப் போட்டு மேல்தாளைக் கிழித்துக் கேலரி அம்மாவிடம் கொடுத்தாள்.

"நீங்க கேட்ட சான்று. இதோட நகல் நாளையிலிருந்து எங்க கடை கவுன்டர் கண்ணாடிக்கு அடியில இருக்கும். வர்றவங்க படிச்சுக்கட்டும்."

இஸ்திரிக்காரர் ஒவ்வொரு சட்டமாக இறக்கி ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தார். கேலரி அம்மா தடுக்கவில்லை. ரசீதை இரண்டு தடவை படித்தவள், மெல்லக் கேட்டாள்: "அப்போ நிஜமான விரிப்பு?"

அக்கா காக்கிக் காகிதத்தைப் பிரித்தாள். அங்கே இருந்த நீள மேஜையின்மேல் அதை விரித்தாள். துவைத்துத் துவைத்து இழை மெலிந்து, அடியில் இருந்த மேஜையே தெரிகிற மாதிரி இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கடுகளவு கறுப்புப் புள்ளி.

கேலரி அம்மா குனிந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையே."

"அதுக்குத்தான் மூணு வருஷம் ஆச்சு" என்றாள் அக்கா.

ஆணி பிடுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. தம்பி எழுந்து வந்தான். கண் சிவந்திருந்தது. விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷம் அக்காவுக்கு நெஞ்சு இளகியது. பின்சுவரில் கொடி வரைந்த பதினோரு வயதுப் பையனின் பார்வைதான் அது. அழட்டும், இதன்மேல் விழுந்து அழட்டும் என்று நினைத்தாள்.

"அக்கா" என்றான் அவன், கிசுகிசுப்பாக. "இது... இத மட்டும் தனியா ஒரு பெரிய சுவர்ல, வேற எதுவும் இல்லாம..."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். ஐந்து விரலும் நகக்கண் வரைக்கும் பழுப்பேறியிருந்தன.

அக்கா விரிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போய்க் கை கழுவிட்டு வா" என்றாள்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா சொல்வாரே, துணியைத் தொடுவதற்கு முன்னால், அதே வார்த்தை. அவன் கோடியில் இருந்த குழாயடிக்குப் போனான். தண்ணீர் கொட்டுகிற சத்தமும் சோப்பை உரசுகிற சத்தமும் கேட்டன. அக்கா அப்பாவின் விரிப்பை மூலைக்கு மூலை பிடித்து மடித்தாள். மறுமுனையை இஸ்திரிக்காரர் பிடித்துக்கொடுத்தார். லாட்ஜு விரிப்பு ஆறையும் அவர் தனி மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

படிக்கட்டில் இறங்கும்போதும் குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இஸ்திரிக்காரர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அயோடின் சோப்புக்குப் போகாதே தங்கச்சி. அந்தப் புட்டியக் கொடுத்துட்டு வரட்டுமா?"

அக்கா பையைத் தொட்டுப் பார்த்தாள். புட்டி உள்ளேதான் இருந்தது.

"வேணாம்ணே" என்றாள். "கொஞ்சம் தேய்க்கட்டும்."